வேட்டை நாய் வளர்ப்பு நாயான கதை

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து 'லிலோ அண்ட் ஸ்டிச்' பார்த்தேன். டிஸ்னி 2002இல் வெளியிட்ட கார்ட்டூன் படம். ஹவாய்த் தீவில் பெற்றோரை இழந்த சிறுமி லிலோ, நாய் என்று நம்பி ஒரு வேற்றுக்கிரக ஜந்துவை வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். படம் நெடுக எல்விஸ் பிரஸ்லி பாட்டுகள். பெரியவர்களுக்குப் பழைய ஞாபகம், குழந்தைகளுக்குத் தாளம். 'குடும்பப் படம்' என்கிற சரக்கு இப்படித்தான் விற்கிறது. 'ஹவுண்ட் டாக்' வந்ததும் எழுந்து ஆடிய குட்டி கேட்டாள்: "இது நாய்ப் பாட்டா மாமா?" ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்' அப்புறம் உறுத்த ஆரம்பித்தது.

அது நாய்ப் பாட்டே இல்லை. 1952இல் 'பிக் மாமா' தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி அதைப் பதிவுசெய்தபோது, தன்னை ஒட்டித் தின்னும் ஆணை ஒரு பெண் வாசலுக்கு வெளியே தள்ளும் பாட்டு அது. 'நாய்' அங்கே வசவு. 1953இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று பின்னாளில் சொன்னார். 'வெள்ளைக்காரன் திருடிட்டான்' என்று முடித்துவிடலாம்தான். ஆனால் பாட்டை எழுதியவர்களே ஜெரி லைபர், மைக் ஸ்டாலர் என்ற 19 வயது யூதப் பையன்கள். ஆகவே யாருடைய சொத்து என்பதைவிட, அர்த்தம் எங்கே உதிர்ந்தது என்பதே என் கேள்வி.

எல்விஸ் இதை எடுத்தது ஃப்ரெடி பெல் குழுவின் மேடை வடிவத்திலிருந்து. அதில் வரிகள் மாறிவிட்டன. ஆள் போய், முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாய் வந்துவிட்டது. வார்த்தையில் போன கலகம் உடம்பில் மிச்சமிருந்தது. 1956 ஜூன் 5, மில்ட்டன் பெர்ல் நிகழ்ச்சியில் அவர் இடுப்பை அசைத்து ஆட, பத்திரிகைகள் கொதித்தன. ஜூலை 1, ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சி. அவருக்கு விருந்துக் கோட்டை மாட்டி, எதிரே ஒரு நிஜ நாயை உட்காரவைத்து, அதைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். தடை செய்யவில்லை, சிரிப்பாக்கினார்கள். அதிகாரத்துக்கு இது கைவந்த கலை.

ஆக டிஸ்னி வெளுப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. 1957 ஜனவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சி இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டிய அதே மனிதரை, படத்தில் லிலோ ஜந்துவுக்கு 'முன்மாதிரிக் குடிமகன்' என்று பாடம் நடத்துகிறாள்.

இன்னொன்று. லிலோவின் வீட்டில் ஆம்பிளை கிடையாது. அக்கா நானி வேலையை இழந்து, வேறு வேலை தேடி அலைந்து தங்கையை வளர்க்கிறாள். இது குடும்பம்தானா என்று அளக்க ஓர் அரசாங்க அதிகாரி வருகிறார். தங்கையைப் பிரித்துவிடுவார் என்ற பயம் கூடவே வருகிறது. தார்ன்டனின் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஏது? படத்தில் அந்தக் குரல் இல்லை.

மறுநாள் குட்டிக்கு தார்ன்டனின் பதிவைப் போட்டேன். இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது அவளுக்கு. ஆடவில்லை, கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "இந்த அத்தை யாரையோ திட்டுறாங்க மாமா."