இருந்த இடத்தில் பேசும் கல்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், ஹோலிரூட் அரண்மனையை ஒட்டி ஆர்தர்ஸ் சீட் என்ற மலை நிற்கிறது. உயரம் 251 மீட்டர்தான். ஆனால் அது சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கனன்ற எரிமலையின் மிச்சம். அதன் மேற்குப் பக்கத்தில் ஊரைப் பார்த்தபடி, வில்லாக வளைந்து செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவருக்குச் சாலிஸ்பரி கிராக்ஸ் என்று பெயர். பல காலம் கல் வெட்டிய அந்தச் சுவரை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவுக்குப் பாவுகல்லாகப் பெருமளவில் உடைத்து விற்றார்கள். வண்டியில் ஏறிய கல்லுக்கு விலை கிடைத்தது. ஆனால் ஒரு மலைக்கல்லின் பெரிய மதிப்பு அது கிடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பெயர்த்தெடுத்த கணமே அந்த மதிப்பு போய்விடுகிறது. இந்த மலையே அதற்குச் சான்று.

கிராக்ஸ் பாறை எரிமலை வாயிலிருந்து வழிந்த குழம்பு அல்ல. எரிமலை ஓய்ந்து வெகுகாலத்துக்குப் பின், பூமிக்கடியில் மணற்கல், களிக்கல் அடுக்குகளுக்கு நடுவே பிளந்து நுழைந்த குழம்பு, அங்கேயே இறுகி டோலரைட் என்ற கரும்பாறைப் பலகையாயிற்று. பிறகு அடுக்குகள் எல்லாம் கிழக்கே சாய்ந்தன. மேலே மூடியிருந்தவை தேய்ந்து போயின. பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்த பனிப்பாளங்கள் மென்பாறையை வழித்தெடுக்க, வன்பாறை சுவராக எஞ்சியது.

இந்தச் சுவரின் எதிரே வசித்தவர் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன். பசால்ட் போன்ற கரும்பாறைகள் ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று ஜெர்மானியரான வெர்னரும் அவர் வழி வந்தவர்களும் கற்பித்த காலம் அது. அது தவறு என்பதற்கான சான்றை ஹட்டன் பார்த்த இடத்தை இன்றும் பார்க்கலாம். குழம்பு தள்ளிய வேகத்தில் படிவுப்பாறை அடுக்குகள் வளைந்து தூக்கி நிற்கின்றன. அவற்றின் ஒரு துண்டு பெயர்ந்து டோலரைட்டுக்குள் சிக்கியிருக்கிறது. குளிர்ந்த பாறையைத் தொட்ட விளிம்பில் டோலரைட் சட்டென இறுகிப் பொடிமணியாக இருக்கிறது. உள்ளே போகப் போக மணி பெரிதாகிறது. நீரில் படிந்த பாறை, தனக்கு முன்பே கிடந்த அடுக்கை இப்படிக் கிழித்துத் தூக்காது. சூடான குழம்புதான் அதைச் செய்யும். அதே டோலரைட்டைத் தெருவில் பதித்துவிட்டால் அது உறுதியான கல், அவ்வளவுதான். பக்கத்து அடுக்கோடு இருந்தால்தான் நடந்ததைச் சொல்லும்.

குவாரி வெட்டாமல் இந்த உட்புறம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்லுடைப்போரின் உளி மலையைத் திறந்து காட்டியது உண்மை. ஆனால் திறந்து காட்டிய அதே உளி இன்னும் சில அடி உள்ளே போயிருந்தால், காட்டியதையே அழித்திருக்கும். தவிர, உட்புறம் காண உளி ஒன்றே வழியும் அல்ல. ஸ்காட்லாந்திலேயே சிக்கர் பாயின்ட்டில் கடல் அறுத்த பாறையிலும், கிளென் டில்ட்டில் ஆறு அறுத்த படுகையிலும் ஹட்டன் இதே அளவு வலுவான சான்றுகளைக் கண்டார்.

வளரும் ஊருக்குக் கல் வேண்டாமா என்பது அடுத்த வாதம். வேண்டும்தான். ஆனால் இதே வகைக் கரும்பாறை மத்திய ஸ்காட்லாந்தில் வேறு பல இடங்களிலும் கிடைக்கிறது. அந்த வளைந்த அடுக்கும் சிக்கிய துண்டும் சேர்ந்த இந்த இடம் ஒன்றுதான். இந்த மலை அடங்கிய பூங்காவின் பரம்பரைக் காப்பாளரான ஹாடிங்டன் பிரபுவே கல்லை விற்றபோது வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 1831-இல் வெட்டுவது நின்றது. வெட்டின் தழும்பை மூடத் தேவையில்லை, அதுவும் மலையின் வரலாறுதான். சிவந்த இரும்புத்தாது ஓடும் பாறை ஒன்று அங்கே தனித்து நிற்கிறது. ஹட்டன் கேட்டுக்கொண்டதால் குவாரிக்காரர்கள் அதை உடைக்காமல் விட்டார்கள் என்பார்கள். அது மெய்யென்றால், ஒரு மலையைக் காக்கத் தேவையான அறிவு கல்லுடைக்கும் கைகளுக்கும் எட்டாதது அல்ல. கல்லுக்கு விலை பேசும் முன், அது எதை ஒட்டி, எதன்மேல் கிடக்கிறது என்று ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குக் காதுகொடுக்க வேண்டும்.