யவனர் எழுதிய கடன் பத்திரம்

பாண்டுப் நிலையத்தில் கல்யாண் செல்லும் வண்டிக்காக நாள்தோறும் காத்து நிற்போர் பலர். அந்தக் கல்யாண், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூலில் ‘கல்லியேனா’ என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது. சேர நாட்டு முசிறியையும் அந்நூல் குறிப்பிடுகிறது. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை நம் அகநானூறும் சொல்கிறது.

கிரேக்கர் என்றவுடன் சாக்ரடீசும் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நினைவுக்கு வருவர். வங்கிப் பணியில் உள்ள நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறொரு கொடையும் அவர்களுடையது. கடன் கணக்கை எழுதி வைக்கும் வழக்கம் பாபிலோனியாவில் அவர்களுக்கும் முந்தியது. அதனைக் கடல் வணிகத்தின் இடர்களுக்கு ஏற்ப விரிவான ஒப்பந்தமாக வளர்த்தவர்கள் கிரேக்கர்.

கிரேக்க மொழியில் ‘திரபேசா’ என்றால் மேசை. நாணயம் மாற்றுவோர் சந்தையில் இட்டிருந்த மேசையே பின்னர் வங்கிக்குப் பெயராயிற்று. இன்றும் கிரேக்க நாட்டில் வங்கிக்கு அதே பெயர்தான். ஏதென்ஸ் நகரின் புகழ்பெற்ற வங்கியாளரான பாசியோன், ஒரு வங்கியில் அடிமையாகப் பணியாற்றியவர். நாணயத்தாலும் திறமையாலும் விடுதலை பெற்று, அந்த வங்கிக்கே உரிமையாளராகி, ஏதென்சின் குடியுரிமையும் பெற்றார்.

அக்காலக் கடன் ஒப்பந்தம் ஒன்று, தெமோஸ்தனீசின் பெயரால் வழங்கும் நீதிமன்ற உரை ஒன்றில் காணப்படுகிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இரு சகோதரர்கள் கருங்கடல் வணிகத்துக்காக 3,000 திராக்மா கடன் பெற்றனர். ஈடு, 3,000 சாடி திராட்சை மது. வட்டி ஆயிரத்துக்கு 225. பருவம் தவறித் திரும்பினால் 300. கப்பல் மூழ்கினால் கடனும் அதனுடன் மூழ்கும். அதே சரக்கின் மீது வேறெவரிடமும் கடன் பெறலாகாது என்ற விதியும் அதில் உண்டு.

ஆனால், கப்பலில் ஏறியவை 450 சாடிகளே என்றும், அச்சரக்கைக் காட்டியே வேறொருவரிடமும் கடன் வாங்கப்பட்டது என்றும் கடன் கொடுத்த ஆண்ட்ரோக்ளீஸ் வழக்குத் தொடுத்தார். கடன் வாங்கியவர்களுள் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். ‘எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு’ என்று முன்னர் வாய்மொழியாகச் சொன்ன மூத்த சகோதரர் லாக்ரிட்டோஸ், ஒப்பந்தத்தில் தம் பெயர் இல்லை என்று கைவிரித்தார். அவர் பேரறிஞர் ஐசோக்ரட்டீசின் மாணவர்!

அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட முசிறிக் கடன் ஆவணம் இன்று வியன்னாவில் உள்ளது. பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் அமைந்த அது 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. சரக்கு செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாண்டிரியா சேர வேண்டும். அங்கே முத்திரையிட்ட கிடங்கில் இருக்க வேண்டும். தவணை தவறினால் கடன் கொடுத்தவர் அதனை எடுத்து விற்கலாம். ஒவ்வொரு படியும் எழுத்தில் உள்ளது. வாய்மொழிக்கு அங்கே இடமில்லை. தாளின் மறுபக்கம் ‘ஹெர்மாபோலோன்’ என்ற கப்பலின் சரக்கு மதிப்பைப் பட்டியலிடுகிறது.

இச்செய்திகளைப் படிக்கும்போது எங்கள் கிளையின் மேசையே நம் கண்முன் தோன்றுகிறது. ஊர்க்காரர் என்ற உறவுக்காகப் படிக்காமலே ஜாமீன் கையெழுத்திடுவோர் இன்றும் உள்ளனர். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாரோ சொன்ன சொல்லை நம்பிப் பின்னர் வருந்துவோரும் உள்ளனர். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால், ஜாமீன் நின்றவரிடமே வங்கி கேட்கும். சொல்லை மட்டும் தந்தவரிடம் அன்று.

ஆகவே, கையெழுத்திடும் முன் வட்டி விகிதம், தவணை, ஈடு, தவறினால் நேர்வது ஆகிய நான்கையும் நிதானமாகப் படியுங்கள். விளங்காதவற்றைத் தமிழிலேயே கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை. ஒப்பந்தத்தின் நகலைத் தவறாமல் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஆண்ட்ரோக்ளீசுக்கு நேர்ந்தது நம் வாடிக்கையாளர் எவருக்கும் நேரலாகாது.