இரும்பை ஒட்டக் கற்பதற்கு முன்

ஜவ்வாது மலையில் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திவிடும் மாணவர்களில் சிலர் கீழே போய் கிரில் பட்டறைகளில் சேர்கிறார்கள். சேர்ந்த அன்றே கிடைக்கும் வேலை, மேஸ்திரி வெல்டிங் அடிக்கும்போது கம்பியை அசையாமல் பிடித்துக்கொள்வது. மேஸ்திரியிடம் கறுப்புக் கண்ணாடி இருக்கும். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான். அன்று இரவு கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று அவனிடம் சொல்வார்கள். அது சரியாவதில்லை.

உலோகத்தைப் பற்றியும் தீயைப் பற்றியும் அவன் பட்டறைக்குப் போகும் முன்பே பள்ளியில் சிலவற்றைத் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். உலோகச் சிற்பம் அதற்கு நல்ல வழி என்பது என் கருத்து.

உலோகச் சிற்பம் என்றதும் நமக்குச் சுவாமிமலைதான் நினைவுக்கு வரும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். தலைமுறை தலைமுறையாக வரும் ஸ்தபதிகளின் கலை அது. புதிதாகக் கற்பவர் அங்கே தொடங்குவது கடினம்.

தொடங்குவதற்கு ஏற்ற இன்னொரு மரபும் சென்னையில் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணமே அதற்கு உதவியது. அங்கே பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, அதன்மேல் கம்பிகளைக் கோலம்போல் ஒட்டி உருவங்கள் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் பெரிய சிற்பங்களைப் படைத்தார். நந்தகோபால் லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பிறகு கலைக் கல்லூரியில் பயின்றது ஓவியம். சிற்பத்துக்கு அவர் வந்தது அதன் பின்னர்தான். அறிவியல் பிரிவு மாணவருக்குக் கலை எதற்கு என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இவர் பெயரைத்தான் சொல்வது வழக்கம்.

வயது தடையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் வாயு வெல்டிங்கைக் கற்றது 1918இல், பாரிஸ் அருகே ரெனோ மோட்டார் தொழிற்சாலையில். அப்போது அவருக்கு 40 வயதைத் தாண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து பிக்காசோ இரும்பில் சிற்பம் செய்ய விரும்பியபோது, அவருக்கு வெல்டிங் செய்துகொடுத்தவர் இவரே.

ஆனால் தொடக்கம் வெல்டிங்கில் அல்ல. முதலில் கம்பி. மெல்லிய செப்புக் கம்பியை வளைத்து ஓர் ஆட்டின் உருவத்தைச் செய்யச் சொல்லுங்கள். காகிதத்தில் கோடாக இருந்தது காற்றில் நிற்க வேண்டும் என்றதும், கால் எங்கே ஊன்றுகிறது, எடை எங்கே விழுகிறது என்று மாணவர் யோசிக்கத் தொடங்குவார்.

அடுத்தது தகடு. மரக்கட்டையில் சிறு குழி தோண்டி, அதன்மேல் செப்புத் தகட்டை வைத்துச் சுத்தியலால் மெல்ல அடித்தால் தகடு கிண்ணம்போல் குழியும். அடிக்க அடிக்க அது விறைத்துக்கொள்ளும். மேலும் அடித்தால் விரிசல் விழும். அப்போது ஆசிரியர் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் தகடு மறுபடி இளகிவிடும். கத்தி, அரிவாள் செய்யும் எஃகை அதேபோல் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் நேர்மாறாக, கடினமாகிவிடும். கொல்லர் உலையில் அரிவாள் துவைச்சல் பார்த்த பிள்ளைகள் இதைக் கேட்டு நம்ப மாட்டார்கள். செய்துகாட்டினால் மறக்க மாட்டார்கள். காய்ச்சியதும் செம்பில் படியும் கருமை ஆக்சைடு. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஏன் போகிறது என்று மட்டும் நாம் சொன்னால் போதும்.

மூன்றாவது, தீயில்லாமல் இணைப்பது. வீட்டிலுள்ள உலோகப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, எங்கே, எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று தேடவைக்கலாம். வாணலிக் கைப்பிடியில் அடித்த ஆணி, தகர டின்னின் மடிப்பு, சைக்கிள் சட்டத்தின் பற்றவைப்பு, ஒரே வார்ப்பான பித்தளை மணி. ஒரு பாடவேளை போதாது.

இனி வெல்டிங். மின்வில்லின் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகு உருக 1,500 அளவே போதும். ராடின் முனைக்கும் இரும்புக்கும் இடையே ராடின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். கூடினால் வில் அணைந்துவிடும். தீக்குச்சி உரசுவதுபோல் உரசி எடுப்பதைக் கற்கவே புதியவருக்குச் சில நாள்கள் ஆகும். இடைவெளி சரியாக இருந்தால் அப்பளம் பொரிவதுபோல் சீரான சத்தம் வரும். அனுபவசாலிகள் பாதி வேலையைக் காதால்தான் செய்கிறார்கள். ராடின் மேல்பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கும். மீதி, கசடாக மேலே உறையும். ஆறியபின் அதைத் தட்டி எடுக்க வேண்டும். அப்போதும் கண்ணாடி அணிய வேண்டும். ஆறும் உலோகம் சுருங்கி, சிற்பத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அதனால்தான் முதலில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி நிரப்புகிறார்கள்.

கண்ணுக்கு வருவோம். நம் மலையிலேயே காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. கிரகணத்தின்போது சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். வெல்டிங் வில்லும் ஒரு குட்டிச் சூரியன்தான். அதன் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுடும். வலி சில மணி நேரம் கழித்தே வருவதால், பையனுக்குக் காரணம் புரிவதில்லை. வெறும் கூலிங் கிளாஸ் உதவாது. 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய கவசம் வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் அதே கவசம் வேண்டும். நைலான் சட்டை தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தித் துணியே சரி. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். மூடிய டிரம், பழைய பெட்ரோல் டேங்க் பக்கமே போகக்கூடாது. கோடையில் எங்கள் மலைச்சரிவுப் புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். திறந்தவெளியில் அந்த மாதங்களில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

வெல்டிங் இயந்திரத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கம்பி, தகடு, ஆணி வரை வகுப்பறை போதும். அதற்கு மேல் விரும்பும் பிள்ளைக்கு வழிகள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன; மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நிற்கப்போகிறவன் யார் என்பது ஜனவரி மாதமே நமக்குத் தெரிந்துவிடும். பட்டறைக்காரர் அவனைத் தேடி வருவதற்குள் தொழிற்பயிற்சி நிலைய விண்ணப்பம் பற்றி அவன் வீட்டில் பேசிவிட வேண்டும்.