கணினிக்குள் கணினி: புதியது வாங்குமுன் செய்யவேண்டிய பரிசோதனை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டதையடுத்து, பழைய மென்பொருள்களை நம்பித் தொழில் நடத்தும் சிறு அலுவலகங்களும் அச்சகங்களும் இக்கட்டான நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளன. புதிய இயங்குதளத்துக்கு மாறினால் நெடுங்காலம் பயன்பட்டுவந்த கணக்கு மென்பொருள் இயங்க மறுக்கக்கூடும். மாறாதிருந்தால் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை. பத்திரிகைத் துறையினருக்கும் இது புதிய தலைவலியன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி, பேஜ்மேக்கரில் பக்கமாக்கப்பட்ட பழைய பிரதியொன்றைத் திறக்க நேரும்போது, அதற்கேற்ற பழைய கணினியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இத்தகைய தேவைகளுக்குக் கைகொடுப்பதுதான் மெய்நிகர் கணினி. புதிய கணினியொன்றின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் பழைய இயங்குதளத்தைத் தனிக் கணினியென்றே நம்பவைத்து இயக்கும் ஏற்பாடு இது. ஐ.பி.எம். நிறுவனம் தனது பெருங்கணினிகளில் 1960களிலேயே இதனைச் செய்துகாட்டியது. மேசைக் கணினிகளுக்கு இவ்வசதி வந்தது 1999இல், விஎம்வெயார் நிறுவனத்தின் மென்பொருளுடன். ஆயினும், உள்ளே இயங்கும் கணினி இடும் சில கட்டளைகளை இடைமறித்துக் கையாள அக்கால மையச் செயலிகளில் வசதியிருக்கவில்லை. அந்தக் குறையை மென்பொருளே பெரும்பாடுபட்டு ஈடுசெய்தது. இன்டெல் நிறுவனம் 2005இலும் ஏ.எம்.டி. நிறுவனம் 2006இலும் அவ்வசதியைச் செயலிகளுக்குள்ளேயே சேர்த்தன. எனவே, கடந்த பத்தாண்டுகளுக்குள் வாங்கப்பட்ட கணினியாயின், பெரும்பாலும் அதற்கு இந்த ஆற்றல் உண்டு.

அவ்வாறிருந்தும், மெய்நிகர் கணினியை இயக்க முற்படும்போது இயலாது என்ற அறிவிப்பு திரையில் தோன்றுவது சாதாரணமாகியுள்ளது. அதனைக் கண்டதும் கணினி உதவாது என முடிவுகட்டிப் புதியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குவது அவசர புத்தியாகும். ஆற்றல் இல்லாமை வேறு, இருக்கும் ஆற்றல் அணைக்கப்பட்டிருப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும், ஒரு சதமும் செலவில்லை.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் என்ற பகுதியில் சி.பி.யு.வைத் தெரிவுசெய்தால், வரைபடத்தின் கீழே வேர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லைக் காணலாம். அதனருகே எனேபிள்ட் என்றிருப்பின் முதற்றடை நீங்கியது. டிஸேபிள்ட் என்றிருப்பின் செயலியில் ஆற்றல் இருந்தும் அது அணைக்கப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். கணினி விழித்தெழும் வேளையில் எப்2, எப்10, டிலீட் போன்ற விசையொன்றை அழுத்தி, பயோஸ் எனப்படும் அடிநிலை அமைப்புக்குள் சென்று அதனை இயக்கிவிடலாம். இன்டெல் கணினிகளில் அது வேர்ச்சுவலைசேஷன் டெக்னோலொஜி என்ற பெயரிலும், ஏ.எம்.டி. கணினிகளில் எஸ்.வி.எம். மோட் என்ற பெயரிலும் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வன்தட்டு பிட்லொக்கர் மூலம் பூட்டப்பட்டிருப்பின், அடிநிலை அமைப்பில் கைவைத்த பின்னர் கணினி மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதைக் குறித்துவைக்காது இவ்வேலையில் இறங்கலாகாது.

எனேபிள்ட் என்று கண்டும் மெய்நிகர் கணினி இயங்காவிடின், அல்லது ஆமைவேகத்தில் இயங்கினால், வேறொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். கட்டளைச் சாளரத்தில் சிஸ்டம்இன்போ என்ற கட்டளையை இட்டால், பட்டியலின் இறுதியில் மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி மென்பொருளுக்கான நான்கு தேவைகளும் ஆம், இல்லை என வரும். அதற்குப் பதிலாக, ஹைப்பர்வைசர் ஒன்று ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளது என்ற ஒற்றை வாக்கியம் வந்தால், அதனைக் குறையென்று பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். உண்மையில் ஆற்றல் இருப்பது மட்டுமன்றி, பயன்பாட்டிலும் உள்ளது என்பதற்கே அது சான்று. விண்டோஸ் 11இன் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு ஏற்பாடே பல வேளைகளில் இதற்குக் காரணம். அந்நிலையில் ஒராக்கிள் நிறுவனத்தின் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருள் தனது சாளரத்தின் அடியில் பச்சை ஆமையொன்றின் படத்தைக் காட்டும். ஆமைவேகம் என்ற நமது சொல்லாட்சி மென்பொருள் எழுதுவோருக்கும் எட்டியிருக்கிறது போலும்! வேகத்துக்காக அப்பாதுகாப்பை அணைத்துவிடுமாறு ஆலோசனை கூறுவோர் உளர். பணக் கணக்குகள் உள்ள அலுவலகக் கணினியில் அதனை ஏற்பதற்கில்லை. விண்டோஸின் புரோ பதிப்பு இருப்பின் ஹைப்பர்-வியையே பயன்படுத்துவது மேல். ஹோம் பதிப்பில் அது தரப்படுவதில்லை.

லினக்ஸ் பயன்படுத்துவோர் எல்எஸ்சிபியு என்ற கட்டளையை இட்டால் இதே விபரத்தைப் பெறலாம். அப்பிள் நிறுவனம் 2020இல் தனது சொந்தச் செயலிகளுக்கு மாறிய பின்னர் வந்த கணினிகளின் கதை வேறு. அவற்றின் செயலி வேறு இனத்தைச் சேர்ந்ததாகையால், பழைய விண்டோஸை இம்முறையில் இயக்க எண்ணுவோர் அவற்றை நாடாதிருப்பதே நன்று.

அடுத்து நினைவகம். இங்குதான் தேவைக்கு மிஞ்சிய செலவு நேர்கிறது. உள்ளே இயங்கப்போவது விண்டோஸ் 11 எனில், அதற்கு மட்டும் குறைந்தது 4 ஜிகாபைற் நினைவகமும் 64 ஜிகாபைற் சேமிப்பிடமும் வேண்டும். 8 ஜிகாபைற் கணினி அதற்குத் திணறும். ஆனால் பழைய கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்பியை இயக்குவதாயின் 512 மெகாபைற் தாராளம். 2001இல் அது வெளிவந்தபோது மைக்ரோசொப்ட் பரிந்துரைத்த அளவே 128 மெகாபைற்தான். எனவே என்ன கணினி வேண்டும் என்ற கேள்விக்கு முன், அதற்குள் எதை இயக்கப்போகிறோம் என்பது தீர்மானிக்கப்படவேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே அதனை உள்ளே இயக்குவோர், அந்த மெய்நிகர் கணினிக்கான இணைய இணைப்பை முற்றாகத் துண்டித்துவைக்க வேண்டும். வெளிக்கணினிக்கு உரிமம் இருப்பதால் உள்ளே இருப்பதற்கும் உரிமம் உண்டெனக் கொள்ளலாகாது.

இவை யாவும் சரியாக அமைந்தும் ஒன்று மட்டும் காலைவாரக்கூடும். பழைய கணக்கு மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் செருகப்படும் சிறு சாவியொன்று இன்றேல் திறவா. அது யு.எஸ்.பி. வகையாயின் மெய்நிகர் கணினிக்கு இணைத்துக்கொடுக்க வழியுண்டு. பழைய அச்சுப்பொறித் துவாரத்தில் செருகும் வகையாயின், புதிய கணினிகளில் அத்துவாரமே இல்லை. பழைய கணினியை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் அதன் பின்புறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.