கம்பளி நாட்டு மலையூர்கள்

பிளாரன்ஸ் நகரத்து மெடிசி குடும்பத்தாரை வரலாற்று நூல்களில் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். வங்கித் தொழிலில் தொடங்கி அரியணை வரை உயர்ந்தவர்கள் அவர்கள். இளைஞரான மைக்கலாஞ்சலோவைத் தம் மாளிகையிலேயே தங்கவைத்துப் போற்றியவர்கள். அக்குடும்பத்தின் பிற்காலச் செல்வத்தில் ஓர் இழை எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டுமானால், ஓவியக் கூடங்களை விட்டு ஆட்டுப் பட்டிகளுக்குப் போக வேண்டும். இன்று உங்களை அங்குதான் அழைத்துச் செல்கின்றேன்.

இத்தாலியின் நடுப்பகுதியில் அப்ருட்சோ என்பது ஒரு மலைநாடு. அங்கே 2,912 மீட்டர் உயர்ந்து நிற்கிறது கிரான் சாசோ மலை. அதன் தென்புறத்தில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில், சாந்தோ ஸ்தேபானோ என்னும் சிற்றூர் உள்ளது. அருகே, இன்னும் உயரத்தில், ரோக்கா கலாஷோ என்னும் கோட்டை பாழ்பட்டுக் கிடக்கிறது. இவ்வூர்களைப் பிக்கொலோமினி என்னும் பிரபுக் குடும்பத்தார் ஆண்டு வந்தனர். 1579 ஆம் ஆண்டில் அக்குடும்பத்துச் சீமாட்டி கோஸ்தான்சாவிடமிருந்து, தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகனான முதலாம் பிரான்செஸ்கோ மெடிசி இவற்றை விலைக்கு வாங்கினான். ஊர்கள் இருந்ததோ நேப்பிள்ஸ் அரசில். வாங்கியவனோ வேற்று நாட்டு மன்னன்! நிலம் வாங்குவது போலவே ஊரையும் குடிகளையும் வாங்கிய காலம் அது.

பனி மூடிய மலையில் அவன் கண்டது யாது? ஆட்டு மயிர்தான். ‘கார்பாஞா’ எனப்பட்ட கரிய, முரட்டுக் கம்பளி இம்மலைகளில் கிடைத்தது. துறவியர் அங்கிக்கும் படைவீரர் உடைக்கும் அது ஏற்றது. இங்கே கத்தரித்த மயிர் தஸ்கனிக்குச் சென்று, அங்கே துணியாகி, ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போயிற்று.

இம்மலைகளில் குளிர்காலத்தில் புல் இல்லை. ஆகவே இலையுதிர் காலம் வந்ததும் இடையர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு, தெற்கே பூலியாச் சமவெளிக்கு இறங்கினர். வேனில் தொடங்குகையில் மீண்டும் ஏறினர். அவர்கள் நடந்த பாதை சாதாரணப் பாதை அன்று. லாக்குவிலா நகரிலிருந்து போஜ்ஜியா வரை 244 கிலோமீட்டர் நீளம். அகலமோ 111 மீட்டர்! முழுவதும் புல்வெளி. ஆடுகள் மேய்ந்துகொண்டே நடக்க வேண்டுமன்றோ? இப்பாதைகளில் எவரும் உழவு செய்யாதபடி அரசே காத்தது. காரணம் கருணை அன்று, வரி. 1447 இல் அரகான் வமிசத்து மன்னன் அல்போன்சோ நிறுவிய ஆட்டுச் சுங்கம் 1806 வரை நடைபெற்றது. சமவெளிக்கு வந்த ஆடுகளை எண்ணி வரி வாங்கியதோடு, இடையர் வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றமும் அதற்கு இருந்தது.

ஆடவர் ஆண்டில் பல மாதங்கள் ஊரில் இல்லை. வீட்டையும் வயலையும் காத்தவர்கள் பெண்களே. அவர்கள் வாழ்ந்த ஊரின் அமைப்பைப் பாருங்கள். தனி மதில் கிடையாது. வெளிவட்டத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, அவற்றின் முதுகே மதிலாகிறது. சில தெருக்கள் வீடுகளுக்கு அடியில், வளைவுக் கூரையின் கீழ், சுரங்கம் போலச் செல்கின்றன. பனி பொழியும் நாளில் அதன் அருமை விளங்கும். வாயில் வளைவின் மேல் மெடிசி குலச்சின்னமாகிய உருண்டைகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டவர்களோ தொலைவில், பிளாரன்சில்.

1743 இல் மெடிசி குலத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா மறைந்தாள். குடும்பத்தின் கலைச் செல்வங்கள் பிளாரன்சை விட்டு நீங்கலாகாது என்று அவள் முன்னரே உடன்படிக்கை செய்திருந்தாள். மலையூர்களோ நேப்பிள்ஸ் மன்னனிடம் போய்ச் சேர்ந்தன. பின்னர்ச் சமவெளிப் புல்தரைகள் கோதுமை வயல்களாயின, மந்தைகள் குறைந்தன, மக்கள் கடல் கடந்தனர். இன்று சாந்தோ ஸ்தேபானோவில் ஏறத்தாழ நூறு பேரே வாழ்கின்றனர். ஊறவைக்காமலே வேகும் கருநிறச் சிறு பயறு ஒன்று அவ்வயல்களில் இன்னும் விளைகிறது. கைவிடப்பட்ட வீடுகள் பல, வெளித்தோற்றம் மாறாமல் பழுதுபார்க்கப்பட்டு, பயணிகள் தங்கும் அறைகளாகியுள்ளன.

ஊரின் நடுவே ஒரு வட்டக் கோபுரம் நின்றது. ‘மெடிசி கோபுரம்’ என்பது பெயர். உண்மையில் மெடிசியர் வருமுன்பே கட்டப்பட்டது. உடையவன் பெயர் நிற்கிறது. கட்டியவன் பெயர் ஏது? 2009 ஏப்ரல் 6 ஆம் நாள் அதிகாலையில் லாக்குவிலாவை உலுக்கி, முந்நூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் அக்கோபுரம் முற்றும் சரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது அதன் உச்சியில் அமைத்த கான்கிரீட் தளத்தின் பாரமும் அதற்கு ஒரு காரணம் என்பர். வலுப்படுத்தச் செய்த வேலையே வீழ்த்தியது! நூறு பேர் வாழும் ஊருக்குக் கோபுரம் எதற்கு என்று எவரும் கேட்கலாம். ஊரார் அப்படி எண்ணவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரும்புச் சாரம் மட்டும் நின்ற இடத்தில், 2021 இல் கோபுரம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது.