ஆலன் ஃப்ரீட் (1921–1965)
வானொலித் தொகுப்பாளர், கிளீவ்லாந்து, அமெரிக்கா

கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளை வெள்ளையின இளைஞர்களும் தேடி வாங்குவதை ஃப்ரீடுக்கு முதலில் சுட்டிக்காட்டியவர், இசைத்தட்டுக் கடைக்காரர் லியோ மின்ட்ஸ். 1951 ஜூலையில் டபிள்யூ.ஜே.டபிள்யூ. வானொலியில் அந்தப் பாடல்களுக்கென்றே ஓர் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார் ஃப்ரீட். பாட்டு ஓடும்போதே தொலைபேசிப் புத்தகத்தைத் தட்டித் தாளம் போடுவார், மாட்டுமணியை ஆட்டுவார். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரை நாடெங்கும் பரப்பியவர் இவரே.

1952 மார்ச் 21 அன்று அவர் முன்னின்று நடத்திய 'மூன்டாக் கொரோனேஷன் பால்', முதல் பெரிய ராக் அண்ட் ரோல் கச்சேரியாகக் கருதப்படுகிறது. அரங்கு கொள்ளாத கூட்டம் திரண்டதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

1954இல் நியூயார்க் சென்றார். பாடல்களை ஒலிபரப்பப் பணம் பெற்ற விவகாரத்தில் 1959இல் வேலை இழந்தார். 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1986இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே இவர் பெயர் இடம்பெற்றது.