கருப்பைக் கட்டியும் கையெழுத்தும்

ஒரு காணி நிலம் வாங்குவதானால் நம்மவர் வில்லங்கம் பார்ப்பார்கள். நாலு பெரியவர்களைக் கலந்துகொள்வார்கள். வக்கீலிடம் போய்ப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதே மனிதர்கள், மனைவியையோ தாயையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கே நீட்டப்படும் சம்மதப் பத்திரத்தில் ஒரு வரியேனும் படியாமல் கையெழுத்திட்டுத் தருகிறார்கள். அந்தக் கையெழுத்தின் பேரில் ஒரு ஸ்திரீயின் கருப்பை முழுதும் அறுத்தெடுக்கப்படலாம் என்பதை அவர்களில் எத்தனை பேர் சிந்தித்திருப்பார்கள்? இவ்விஷயம் ஆடவர் பேசத் தக்கதன்று எனக் கூச்சப்படுவோர் உண்டு. அக்கூச்சமே பல அநியாயங்களுக்கு இடங்கொடுக்கிறதென்பது நமது அபிப்பிராயம்.

பைப்ராய்டு என்று வைத்தியர்கள் சொல்லும் கட்டி, கருப்பையின் தசையிலே உண்டாகும் ஒரு திரட்சி. ஐம்பது பிராயத்திற்குள் ஸ்திரீகளில் மிகப் பலருக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ தோன்றுகிறது. இது புற்றுநோயன்று, இவ்விதக் கட்டி புற்றாகக் காணப்படுவது மிக மிக அரிது. பலருக்கு இதனால் யாதொரு உபத்திரவமும் இல்லை. மாதவிடாய் நின்ற பின்னர் தானே சுருங்கிப் போவதும் உண்டு. சிலருக்கோ அளவு கடந்த உதிரப்போக்கினால் சோகை பிடிக்கிறது, மூத்திரப்பை நெருக்குண்கிறது, கர்ப்பந் தரிப்பதும் தடைப்படலாம். இவர்களுக்கே சிகிச்சை அவசியமாகிறது.

சஸ்திர சிகிச்சையில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. கருப்பையையே எடுத்துவிடுவது ஒன்று. இதற்கு ஹிஸ்டெரெக்டமி என்று பெயர். கட்டியை மாத்திரம் பெயர்த்தெடுத்து, கருப்பையைத் தைத்துக் காப்பாற்றுவது மற்றொன்று, இது மயோமெக்டமி. இரண்டாவது மார்க்கத்தை வைத்திய உலகம் ஏற்கும்படி செய்தவர்களுள் முக்கியமானவர், லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் விக்டர் பானி (1872–1953). அவருடைய மனைவிக்கே இக்கட்டியின் நிமித்தம் இளமையில் கருப்பை எடுக்கப்பட்டது. அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் போயிற்று. கட்டியை மட்டும் எடுத்தால் உதிரம் பெருகி ஆபத்தாகுமென்று சக வைத்தியர்கள் அஞ்சினர். பானியோ கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கும் ஒரு கருவியை அமைத்து, நூற்றுக்கணக்கான ஸ்திரீகளுக்குச் சிகிச்சை செய்து, தமது முறைகளை 1946-ல் நூலாகவும் வெளியிட்டார்.

இன்று வயிற்றைக் கீறாமலே, கருப்பை வாயில் வழியாகவும், சிறு துளைகளின் வழியாகவும் கட்டிகளை எடுக்க முடிகிறது. மருந்துகளும் உள்ளன. இதனால் கருப்பையை எடுப்பதே தவறென்று நாம் சொல்ல வரவில்லை. கட்டியை மாத்திரம் எடுத்தால் அது மீண்டும் தோன்றக் கூடும். பின்னர் பிரசவத்திற்கு வயிற்றைக் கீற வேண்டியும் வரலாம். பிள்ளைப்பேறு வேண்டாத ஒருத்தி, நோய் அடியோடு தீர வேண்டுமென்று முழுச் சிகிச்சையைக் கோருவாளானால் அது அவள் இஷ்டம். கேள்வி அதுவன்று. அவளுக்கு இரண்டு மார்க்கங்களும் எடுத்துரைக்கப்பட்டனவா என்பதே கேள்வி.

இதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பரிசோதனைக்கென்று சம்மதித்து மயக்க மருந்துக்கு உட்பட்ட ஒரு ஸ்திரீக்கு, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தின் பேரில் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அவளுக்கிருந்த வியாதி வேறு, நியாயம் ஒன்றே. பிராயம் வந்து சித்த ஸ்வாதீனமுள்ளவளுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, தாயாரும் சம்மதம் தர இயலாதென்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடும் விதித்தனர்.

தனி ஒருத்தியின் வழக்கு அது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாகாணங்களிலோ, ஏழை ஸ்திரீகள் பலருக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் பணத்தை உத்தேசித்து அவசியமின்றிக் கருப்பை எடுக்கப்பட்டதாகப் பொதுநல மனு ஒன்று தாக்கலாயிற்று. இத்தகைய சிகிச்சைகளைத் தடுக்க மத்திய சர்க்கார் 2022-ல் வகுத்த விதிகளை மூன்று மாதத்திற்குள் அமலுக்குக் கொண்டுவரும்படி, 2023 ஏப்ரலில் அதே கோர்ட்டார் மாகாணங்களுக்கு உத்தரவிட்டனர்.

ஆனால் உத்தரவு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நிற்காது, நிற்பவர் நாம்தாம். பேனாவை எடுக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போமாக: இக்கட்டியால் இவளுக்கு உள்ள தீங்கு யாது? இதைத் தனியே எடுக்க முடியாதா? சிறிது காலம் பொறுத்தால் என்ன? விடை திருப்தியளிக்காவிடில் வேறொரு வைத்தியரைக் காண்பது எவருக்கும் அவமானமன்று. அப்பால் அப்பத்திரத்தை அவள் கையிலேயே கொடுப்போமாக. உரிமை உரிமையென்று மேடையேறி முழங்கும் நாம், வீட்டிலுள்ளவளின் தேகத்தைப் பற்றிய தீர்மானத்தை அவளைக் கேளாமல் செய்துவிட்டு எந்த முகத்தோடு ஊருக்கு உபதேசிப்பது?